வாளிக்குள் விட்ட ஏசி பைப்

எங்கள் வீட்டு ஏசி ஒரு வாரமாகப் படுக்கையறைச் சுவரில் தண்ணீர் வழியவிட்டது. ஒழுக ஆரம்பித்ததற்கு முந்தின நாள்தான் மெக்கானிக் ஜெபராஜ் சர்வீஸ் செய்துவிட்டுப் போயிருந்தார். நான் எதையும் பார்க்காமல் தெரு வாட்ஸப் குரூப்பில் எழுதினேன்: "சர்வீஸுக்கு அப்புறம்தான் ஒழுகறது. ஜெபராஜை யாரும் கூப்பிடாதீங்கோ."

வேறு மெக்கானிக் கிடைக்கவில்லை. வெட்கமில்லாமல் இன்று அவரையே கூப்பிட்டேன்.

வந்தவர் ஏசியைத் திறக்கவே இல்லை. நேராகக் கொல்லைப்பக்கம் போனார்.

"மாமி, இந்த பக்கெட் எப்போ வச்சீங்க?"

"நீங்க போன மறுநாள். செடிக்கு விடலாம்னு ஏசி தண்ணியைப் பிடிக்கறேன்."

"பைப்போட நுனி பக்கெட் வெள்ளத்துக்குள்ள முங்கிக் கிடக்கு. பின்ன எப்படி இறங்கும்? திரும்பி ரூமுக்குள்ளதான் வரும். ஏசிக்கு ஒரு குழப்பமும் இல்ல, அது நல்லாத்தான் இருக்கு."

வெளியே தெறிக்கக் கூடாதென்று பைப்பை வாளியின் அடிவரை இறக்கிக் கல்லைக் கட்டியதும் நான்தான். அவர் அதை ஒரு சாண் தூக்கிக் கட்டினார். தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார். "அந்த மெசேஜ் நானும் கண்டேன் மாமி. ரெண்டு வீட்ல வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"அப்புறமும் ஏன் வந்தேள்?"

"ஒழுகுதுன்னு கூப்பிட்டீங்கல்லோ."

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் குரூப்பில் எழுதிவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது என்று.

பழைய செய்திக்குத் தெருவே கட்டைவிரல் போட்டிருந்தது. இதற்கு இதுவரை ஒன்றுகூட விழவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் தெருக்காரர்களும் இருக்கிறீர்கள். குரூப்பில் நான் எழுதியதை எல்லோரும் படித்துவிட்டீர்கள் என்று நீல டிக் சொல்கிறது.