கஜுவும் ரட்டகஜுவும்

கிராண்ட்பாஸில் ஒரு சிறிய இனிப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத் தொழிலாளி ஒருவர் முந்திரி அரைத்துப் பிடித்த எங்கள் கஜு உருண்டைப் பக்கற்றோடு வந்தார். அதைத் தின்ற மகளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் காப்பாற்றினார்களாம்.

“பிள்ளைக்குக் கச்சான் ஒத்துவராது, தங்கச்சி. கஜு எண்டுதானே எழுதியிருக்கிறீங்க? அதை நம்பித்தான் குடுத்தனான்.”

கச்சான், அதாவது நிலக்கடலை, சேர்க்கவேயில்லை என்று சொல்லி முதலாளி அவரை அனுப்பிவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. பக்கற்றின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு ஸ்டோர் புத்தகங்களைப் புரட்டினேன். ஒரே பொருளை ஒருவர் கச்சான் என்று எழுதியிருந்தார், இன்னொருவர் கடலை என்று. ஸ்டோர்காரர் அதையே சிங்களத்தில் ரட்டகஜு என்று எழுதுவார். அவசரத்தில் முன்பாதியை விட்டுவிடுவார். அப்போது கச்சானும் கஜுவாகிவிடும்.

அந்த வாரமே கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை தொடங்கினேன். ஒரு பொருளுக்கு ஒரே இலக்கம், அதற்கு உள்ள பெயர்களெல்லாம் அதன் கீழே. பிறகு எது எதன் வகை, எது எதில் சேர்ந்தது, எந்த மெஷினில் எதற்குப் பின் எது அரைபட்டது என்று அம்புக்குறி போட்டு இணைத்தேன். அந்தப் பக்கற்றைப் பின்னோக்கிப் பிடித்துப் போனபோது தெரிந்தது: கஜு அரைத்த மெஷினில் அதற்கு முன், அன்று காலையே, கச்சான் அரைத்திருந்தார்கள்.

அட்டவணையை அச்சடித்த தாள்களோடு வெள்ளவத்தையிலுள்ள வீட்டுக்கு பஸ் ஏறினேன். யுத்த காலம்; சோதனைச்சாவடியில் இறக்கிவிட்டார்கள். அம்புக்குறிகளையும் இலக்கங்களையும் பார்த்த சிப்பாய்க்கு அது வேறு ஏதோ திட்டமாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எவ்வளவோ சொன்னேன். தாள்களை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அதிகாரி முதலாளிக்குப் போன் எடுத்தார். ஓம், அது எங்கள் தொழிற்சாலையின் பதிவுதான் என்று அவர் சொன்ன பிறகே விட்டார்கள்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தாள்களை வாங்கிப் பார்த்தார்.

“ஆமிக்காரனுக்கு எங்கட பதிவு எண்டு சொல்லிப்போட்டன். இனி அதில இருக்கிறதை இல்லையெண்டு சொல்லேலாது. செய்து முடியுங்கோ.”

கொட்டாஞ்சேனைக்கு நானே போய், பிழை எங்களுடையது என்று அந்தத் தகப்பனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, எந்த மெஷின் என்று மட்டும் கேட்டார். கச்சானுக்குத் தனி மெஷின் வந்தது. பக்கற்றுகளில் மூன்று மொழியிலும் எச்சரிக்கை அச்சானது. அட்டவணையில் நான் அடுத்து எள்ளை எடுத்தேன்.