பர்த்வான் தாண்டட்டும்

"சார், இடது கெண்டைக்கால் ரெண்டு நாளா ஒரே வலி. வண்டிய ஓரமா போட்டுட்டு அஞ்சு நிமிஷம் நடந்துக்கட்டுமா?" தொண்ணூறுகளில் ஒரு மழைக்கால மத்தியானம், அசன்சோலிலிருந்து கல்கத்தா திரும்பும் வழியில், எங்கள் அலுவலக டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு மீட்டிங். "பர்த்வான் தாண்டட்டும், பார்க்கலாம்" என்றேன். பர்த்வான் தாண்டும்போது தூங்கிவிட்டிருந்தேன். அவர் என்னை எழுப்பவும் இல்லை, வண்டியை நிறுத்தவும் இல்லை.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்கத்தாவின் கிதிர்ப்பூர் துறைமுக வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தமிழுக்கு நடுவே வங்காளம் தானாக வந்து விழும். மாதத்தில் பத்து நாளாவது நாங்கள் இருவரும் அந்த அம்பாசடரில்தான் கிடப்போம். நான் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு ஃபைல் பார்ப்பேன். அவர் ஐந்தாறு மணி நேரம் மடக்கிய காலோடு உட்கார்ந்திருப்பார். அன்று ஆபீஸ் வாசலில் இறங்கியபோது அவர் நொண்டினார். இடது பக்கம் மட்டும் பேன்ட் காலோடு இறுகியிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் படியேறினேன்.

மூன்றாம் நாள் காலை, வீட்டில் மூச்சுத் திணறி விழுந்தார். செய்தி வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். நீண்ட நேரம் வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இறங்கி நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே வந்து காட்ட வேண்டும் என்றார். வண்டியில் அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. குடித்தால் நடுவில் நிறுத்த வேண்டிவரும். நிறுத்தினால் நான் முகம் சுளிப்பேன்.

காரியம் முடிந்ததும் கிதிர்ப்பூர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "கால் வலின்னா சார்கிட்ட சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சொல்லியிருந்தா நீங்க நிறுத்தாமயா போயிருப்பீங்க? உங்ககிட்ட வாயே தொறக்கலையா சார்?"

"இல்லைம்மா" என்றேன்.

"எப்பவும் இப்படித்தான். தனக்குன்னு ஒண்ணு வாய விட்டுக் கேக்கத் தெரியாத மனுஷன்" என்று சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஓய்வுபெற்று, கல்கத்தாவிலேயே லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிறேன். எங்காவது தூரமாகப் போனால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காரை நிறுத்தி டிரைவரை நடந்துவிட்டு வரச் சொல்கிறேன். நல்ல மனுஷர் என்கிறார்கள். கிதிர்ப்பூருக்கு மட்டும் பிறகு நான் போகவே இல்லை. அந்த அம்மா இன்னமும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.