வாய்க்கால் கரை நீர்முள்ளி

நீர்முள்ளிப் பூ அழகு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஊதாவும் நீலமுமாகத் தண்டின் கணுவுக்குக் கணு கொத்தாகப் பூக்கும். கிள்ளப் போனால் பூவுக்குப் பக்கத்திலேயே முள் காத்திருக்கும். ஆடுகூட ஒதுங்கிப் போகிற செடியை என்ன கொஞ்சுவது? தாடிக்கொம்பு பக்கம் எங்களுக்கு இருக்கிற துண்டு வயலில் வாய்க்கால் கரை முழுக்க அதுதான். திண்டுக்கல் நாட்டு மருந்துக் கடையில் அதன் விதையைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். எங்கள் வயலில் அது களை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பரம எதிரி. நடவுக்கு முன்னால் மண்வெட்டியோடு இறங்குவார், நொண்டிக்கொண்டு கரையேறுவார். அவர் குதிகாலை மடியில் வைத்து, தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கால் முள்ளை நெம்பி எடுப்பேன். "மெதுவா... என்ன, கெணறா வெட்டுற?" என்று கத்துவார். அந்த வாய்க்காகவே வேண்டுமென்று இன்னொரு குத்து குத்துவேன்.

கத்தாருக்குக் கிரேன் ஓட்டப் போனபின்தான் மனுசனுக்கு அந்தக் களைமேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. வீடியோ காலில் பிள்ளைகளைப் பார்த்து முடித்ததும், "ஏ புள்ள, நீர்முள்ளி பூத்துருச்சா? காட்டு. இங்க அம்புட்டும் மணலு" என்பார். போனைப் பிடித்தபடி சேற்றில் நிற்பேன். அவர் பூவைப் பார்ப்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். கை நீட்டித் தொட வேண்டும்போல இருக்கும்.

மூன்று வருஷம் கழித்து, இந்தப் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னார். வருகிற காலில் முள் ஏறக் கூடாதென்று ஆள் விட்டுக் கரையைத் துப்புரவாக்கினேன். ஒரு செடி மிச்சமில்லை. மறுநாள் அவர் கூப்பிட்டபோது பெருமையாகக் காட்டினேன். செத்த நேரம் வெறுங்கரையையே பார்த்தார்.

"எல்லாத்தையுமா வெட்டிட்ட?"

"உங்க காலுல குத்தக் கூடாதுன்னுதான்."

"பொங்கலுக்கு வர முடியல புள்ள. லீவு தள்ளிப் போச்சு. பூவப் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும். அன்றைக்கும் அப்படித்தான்.

"பூவுக்கென்ன? ரெண்டு மழை பேஞ்சா தானா மொளைக்கும். யாரும் வெதைக்க வேணாம், கூப்பிட வேணாம். நீங்கதான் கூப்பிடக் கூப்பிட வர மாட்டேங்குறீங்க."

சிக்னல் போயிருக்கும், நான் சொன்னது காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் திரையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.