பதினான்கு மிஷின்களுக்கு நடுவே ஒரு கிட்டார்

போன வாரம் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். சூட்டுக்கோல் நுனியில் ஈயம் உருகிப் புகை எழுந்தது. அந்த வாசனை எனக்கு ஆகாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த வேலையிலும் ஓராண்டு தரித்ததில்லை. ஆனால் ஈயம் வைத்து ஒயர் ஒட்ட மட்டும் வரும் என்று ஒரு திமிர் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். தாராவியில் பை தைக்கும் பட்டறை. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மாடியில் பதினான்கு மிஷின்கள். அவற்றின் மோட்டார்களைக் கவனிப்பது என் வேலை. ஜன்னலோர மிஷினில் காதர், மேலப்பாளையத்துக்காரன், என் வயது. எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். யாரிடம் கற்றாய் என்றால், "கேட்டுக் கேட்டுத்தாம்ல" என்பான். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வைத்திருந்தான். அதில் வாசித்தால் கம்பளிக்குள் யாரோ முனகுவதுபோல் இருக்கும்.

கப்பலில் வாசிக்கும் குழுவுக்கு செம்பூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் காதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கெடச்சிட்டுன்னா இந்த ஊசிக்கு ஒரு சலாம்ல. டோனை மட்டும் கொஞ்சம் தெளிவாக்கிக் குடு" என்றான்.

ஆம்ப்ளிஃபயரின் டோன் குமிழுக்குப் பின்னால் ஒரு கெபாசிட்டர் இருக்கும். குமிழைக் குறைத்தால் அது கூர்மையான ஒலியைத் தின்னும். சிறிய அளவு போட்டால் குறைவாகத் தின்னும். எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். காயலான் கடை டி.வி. போர்டுகளிலிருந்து ஒரு கைப்பிடி கெபாசிட்டர்களைக் கழற்றி வந்தேன்.

நாங்கள் தங்கிய இடத்தில் கரண்ட் கிடையாது. பட்டறையிலோ, முதலாளி சாப்பாட்டு நேரத்தில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். வேலை முடிந்தால் பூட்டுதான். ஆகவே மிஷின்கள் ஓடும்போது மட்டுமே ஆம்ப்ளிஃபயருக்கும் உயிர். அவர் துணி எடுக்கப் போன நாளாகப் பார்த்து, அந்த இரைச்சலிலேயே ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

"கேக்கலல. இன்னும் சின்னது போடு."

"வே காதரு, பையில தையல் போடுதீரா, பாட்டுப் போடுதீரா?" என்று பக்கத்து மிஷினிலிருந்து முருகன் கத்தினான்.

கடைசியில் கையிலிருந்ததிலேயே சிறியதைப் போட்டதும், கம்பியின் ஒலி பதினான்கு மிஷின்களையும் கிழித்துக்கொண்டு வந்தது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. "ஏக்தம் கிளியர், சுத்தமா கேக்குல!" என்று காதர் என்னைக் கட்டிக்கொண்டான். இன்ஜினியருக்குப் படித்தவன்போல் நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

செம்பூரில் ஆள் எடுத்த இடம் ஏ.சி. அறை. தரையில் கம்பளம், சுவரெல்லாம் திரை. மூச்சு விட்டால் கேட்கும். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். காதர் தன் ஆம்ப்ளிஃபயரைச் செருகி, முதல் கம்பியைத் தொட்டான். தகரத்தை ஆணியால் கீறியதுபோல் இருந்தது. ஓரத்தில் இருந்த அம்மாள் காதைப் பொத்தினாள். அவன் குமிழைக் கடைசிவரை திருகினான். கூர்மை மழுங்கவே இல்லை. மழுங்காதபடிதானே செய்திருந்தேன்! எதிர்த்துப் போராட அந்த அறையில் ஒரு மிஷின்கூட இல்லை என்பது, வாசலில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பஸ், பஸ். தேங்க் யூ" என்று, போதும் என்பதாகக் கையை உயர்த்தினார் நடுவில் இருந்தவர்.

திரும்பும் பஸ்ஸில் ஆம்ப்ளிஃபயர் காதரின் மடியில் இருந்தது. "பழையதையே போட்டுத் தாரேம்ல" என்றேன்.

"எதுக்கு? நம்ம எடத்துல இதான கேக்கும்" என்றான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறு மாதம் நான் சூரத்துக்குப் போய்விட்டேன். பிறகு கோவா, இன்னும் எங்கெங்கோ. பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்தச் சந்தில் பட்டறை இல்லை, ஏணியும் இல்லை. விசாரித்துக்கொண்டு, அவன் குடியிருக்கும் கல்யாண் ஊருக்கு இரண்டு மாதத்துக்கு முன் போனேன். காதருக்குத் தலை நரைத்திருந்தது. இப்போதும் தையல்தான். கல்லூரியில் படிக்கும் மகள் டீ கொண்டுவந்தாள். பேச்சு நகராததால், "உங்க வாப்பா கிட்டார் வாசிச்சா பட்டறையே வேலைய விட்டுட்டுக் கேக்கும்மா" என்றேன்.

"வாப்பாவா? கிட்டாரா? சும்மா மஜாக் பண்ணாதீங்க அங்கிள்!" என்று சிரித்தாள்.

காதர் டீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது வேற ஆளும்மா. இவனுக்கு ஞாபகம் பெசகுது."

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமா தாயி," என்றேன், "அது வேற ஆளுதான்."