மாற்றிக் காட்டிய துண்டு

1954 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மேகம் இல்லை, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அப்போதே சுடத் தொடங்கியிருந்தது. எனக்கு எட்டு வயது, தங்கச்சிக்கு ஐந்து.

அப்பா மட்டக்களப்பு நகரில் வாடகைக் கார் ஓட்டினார். வெளிக்கிடுமுன் காரை உறுமவிட்டு, புகைக் குழாயின் வாயில் நனைத்த வெள்ளைத் துண்டொன்றை அறுபது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். ஒரு சதக் காசளவுக்கு மேல் கரி படிந்தால் எஞ்சினைத் துடைத்த பிறகுதான் கார் நகரும். "பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிறாப்போல காருக்குத் துடைக்கிறார்" என்று மற்ற ட்ரைவர்மார் சிரிப்பார்கள். எண்ணுவதில் கெட்டிக்காரன் என்பதால் துண்டு பிடிக்கும் வேலை எனக்கு.

அன்று கல்குடாக் கடலுக்குப் பயணம். அதற்கு முன் மூன்று தடவை தள்ளிப்போன பயணம். அறுபது எண்ணி முடித்தபோது துண்டில் உள்ளங்கையளவு கரி. அப்பா முன் ஆசனத்தில் இருந்தார். கொடியில் கிடந்த வேறொரு துண்டை நனைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாரையும் ஏறச் சொன்னார்.

ஏறாவூர் தாண்டியதும் பின் ஆசனத்துக்குள் புகை வந்தது. தங்கச்சிக்கு மூச்சிழுப்புத் தொடங்கியது. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன்; ஐம்பத்தெட்டில் எண்ணிக்கை தவறிவிட்டது. அப்பா காரை நிறுத்தி, அவளைத் தூக்கி அம்மாவின் மடியில் மர நிழலில் கிடத்தினார். பிறகு குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் கறுப்பு.

"சரியா எண்ணினியா, மனே?"

"ஓம் அப்பா, அறுபது."

அது உண்மைதான். அவர் விரலைத் துடைத்துவிட்டுக் காரைத் திருப்பினார்.

தங்கச்சி மூன்று இரவு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் வந்திருந்து, "என்னாலதானே அண்ணா கடலுக்குப் போகேலாமப் போச்சு" என்றாள். நான் மறுக்கவில்லை.

அதன்பிறகு துண்டை அப்பாவே பிடித்தார். அது காரின் நலத்துக்கான சோதனை என்றே நினைத்திருந்தேன். தங்கச்சிக்கு முதல் இழுப்பு வந்த மாதத்தில்தான் அப்பா அதைத் தொடங்கினார் என்பதைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி, கல்லடியில் குடியிருந்த அவளைச் சுனாமி கொண்டுபோனது. இப்போது யுத்தமும் முடிந்து பாதை திறந்துவிட்டது. கரும்புகை கக்கிக்கொண்டு கல்லடிப் பாலம் கடக்கும் பஸ்களையும் லொறிகளையும் ஜன்னலருகே இருந்து எண்ணுகிறேன். நேற்று ஒரு மணித்தியாலத்தில் நூற்றுப் பதினேழு. கேட்க வீட்டில் ஆள் இல்லை.

"உன்னால் இல்லை, என்னால்தான்" என்று அவளிடம் சொல்ல நாள் கிடக்கிறதென்று எட்டு வயதில் நினைத்தேன். கிடந்தது. சொல்லாமலே செலவானது ஐம்பது வருடம், நான்கு மாதம், பதினொரு நாள்.