கருவிக்கு வைத்த பொட்டு

கொட்டகலைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே கொழுந்து உருட்டும் ரோலரைப் பல வருடம் ஓட்டியவன் நான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மெசின்களில் சின்னச் சின்னக் கருவிகளை ஒட்டினார்கள். என்ன கோளாறு என்று அதுவே கண்டுபிடித்துத் திரையில் எழுதுமாம்.

ஒரு நாள் ரோலர் நின்றது. ‘ஓட்டியவர் தவறு’ என்றது திரை. பெயரிங் தேய்ந்து முனகுகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் காதில் அது ஏறவில்லை.

“மெசின் பொய் சொல்லாதுப்பா. மனுசன்தான் சொல்லுவான்,” என்றார், எல்லாருக்கும் முன்னால். ஸ்டோர்ப் புத்தகத்தில் என்மேல் குற்றம் எழுதினார். மறுநாள் என் கையில் விளக்குமாறு. சத்தமில்லாமல் பெயரிங்கை மாற்றினார்கள், எழுதியதை மாற்றவில்லை.

ஆயுத பூசை வந்தது. மெசினுக்கெல்லாம் முதல் பொட்டு டீமேக்கர் கையால்தான். ரோலர் சுற்றுவதைப் பார்க்கிற கருவிக்குக் கண் மாதிரி ஒரு கண்ணாடி உண்டு. “புதுசுக்கும் வைக்கணும்ல,” என்று அந்தக் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பினார். நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நெஞ்சுக்குள் இனித்தது.

அடுத்த நாள் ரோலரைப் போடப் போட நின்றது. திரையில் ‘மோட்டார் கோளாறு’. ஹட்டனிலிருந்து ஆள் வந்து மோட்டாரைக் கழற்றிப் பூட்டினார். அதே கதைதான். வைத்த பொட்டை நாங்கள் துடைப்பதில்லை, தானாக உதிர வேண்டும். அதனால் அதை யாரும் தொடவில்லை. மாடியில் வாட்டிய கொழுந்து சிவந்துகொண்டிருந்தது. நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்து நின்றார். டீமேக்கர் வியர்வையோடு என்னிடம் வந்தார்.

“ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

“மெசின் பொய் சொல்லாதுங்களே ஐயா.”

“வெளாடாதப்பா. கொழுந்து போயிரும்.”

“எம்மேல எழுதுனத வெட்டுங்க. தொரையும் பாக்கட்டும்.”

வெட்டினார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அதற்குப் பிறகுதான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தேன். ரோலர் ஓடியது. விரலைத் துரையிடம் நீட்டினேன்.

“ஐயா வச்ச பொட்டுங்க.”

கொழுந்தெடுக்கும் என் மனைவி அன்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “மழையில நனைஞ்சு நாங்க எடுத்த கொழுந்துங்க. அரைவாசியக் கொட்டிட்டாங்களாம். நீங்க யாரப் பழி வாங்குனீங்க?”

 

ரோலர் என் கைக்கே திரும்பி வந்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சந்தனக் கிண்ணத்தை டீமேக்கரிடம் நான்தான் நீட்டுகிறேன். “அதுக்கும் ஒண்ணு வைக்கலீங்களா ஐயா?” என்று அந்தக் கருவியைக் காட்டி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்கிறேன்.