பணிய லயத்து வாசலை மெழுகிய நாள்

பிரதேச சபைக்கு முதன்முதலாகப் போன அன்று என் நாத்தனார் செருப்பை வாசற்படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போனாலும், துரை பங்களாவுக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும் எங்களுக்கு அதுதான் பழக்கம். மற்ற மெம்பர்மார் சப்பாத்துக் காலோடு நடந்து போனார்கள். கதவடியில் நின்ற பியோன், போட்டுக்கொண்டே வரலாம் என்று சொன்னான். அதற்குள் அவள் பாதி மண்டபம் தாண்டியிருந்தாள். எல்லோரும் பார்க்கத் திரும்பி வந்து மாட்டிக்கொள்ள வெட்கம். கூட்டம் முடியும்வரை குளிர்ந்த தரையில் ஒரு பாதத்தின்மேல் மறு பாதத்தை வைத்தபடி இருந்தாள். பின்னால் பொதுசனம் உட்காரும் வாங்கில் இருந்த எனக்கு அவள் முகம் தெரியவில்லை. நாற்காலிக்கு அடியில் அந்தப் பாதங்கள்தான் தெரிந்தன. அட்டை கடித்த தழும்புகளும் வெடிப்புமாக, அந்த வழுவழுத்த தரையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தன.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் செத்துப்போய்ப் பல வருஷம். பெண்களும் சபையில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது கட்சிக்காரர்கள் பெயர் தேடி எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள். மற்றப் பெண்களுக்குப் புருஷன்மார் சம்மதிக்கவில்லை. சம்மதம் கேட்க ஆளில்லாதவள் இவள் ஒருத்திதான். அதனால் தொழிற்சங்கத் தலைவர் இவள் பெயரைக் கொடுத்துவிட்டார். பெயர் மட்டும்தான், சும்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அவள் தனியாக டவுனுக்குப் போகக் கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். துணைக்குப் போக என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் தோட்டத்தில் இருந்திருக்க முடியாது. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும் எனக்கு வாய் வராது. என் படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனாலும் வாங்கில் சும்மா உட்கார்ந்திருக்கத்தானே, அது எனக்கு நன்றாக வரும்.

சபையில் பேச்செல்லாம் சிங்களம். அவளுக்குச் சிங்களம் தெரியும். சிறு பெண்ணாக இருந்தபோது பண்டாரவளையில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு நின்றவள். ஆனால் அது அடுப்படியில் கற்ற சிங்களம். ஐயாவிடமும் அம்மாவிடமும் கேட்டு வாங்குகிற பேச்சுத்தான் அவளுக்குத் தெரியும். சமமாக உட்கார்ந்து பேசுகிற பேச்சை அவளுக்கு யாரும் பேசிக் காட்டியதில்லை. தன் பிள்ளை வயதுள்ள மெம்பரையும் அவள் ஐயா என்றுதான் கூப்பிட்டாள். ரோட்டுக்குக் கல் போட வேண்டும் என்று சொல்ல வந்தால், கோபிக்காமல் கொஞ்சம் கல் தருவீர்களா என்றுதான் அது வெளியே வந்தது. பக்கத்து நாற்காலிகளில் சிரிப்பார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "அண்ணி, எனக்கு அதட்டிப் பேசுற சிங்களம் தெரியலியே. அந்த வீட்டு நோனா பேசுனதத்தான் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். வாயில வரமாட்டேங்குது" என்றாள்.

அவள் சபைக்குக் கொண்டுபோன காரியம் ஒன்றுதான். தோட்டத்துத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் லயம்; நாங்கள் இருப்பது மேட்டு லயம். அதற்குக் கீழே, சரிவில், பணிய லயம். அங்கே பின்பக்கத்து மண்ணில் வெடிப்பு ஒன்று கண்டது. சமைக்கிற குசினிச் சுவரோரம் தொடங்கிப் பின்வாசலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தண்ணீர் போகும் கான் வரைக்கும் ஓடியது. மீரியபெத்தயில் மலை இறங்கி லயத்தையே மூடியதை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அந்த நாளில் எங்கள் தோட்டத்திலும் உலை வைக்கவில்லை. மழைக்கு முன்னால் பணிய லயத்துக் குடும்பங்களை எடுத்து, தோட்டத்து உத்தியோகத்தர் இருந்து இப்போது பூட்டிக் கிடக்கும் பழைய ஸ்டாப் வீடுகளில் வைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். தோட்டத்து நிர்வாகம், அதிகாரிகள் வந்து பார்த்து ஆபத்து என்று சொன்னால் வீடுகளைத் திறக்கிறோம் என்றது. சபையோ, அது கம்பெனிக் காணி, நாங்கள் உள்ளே கை வைக்க முடியாது என்றது. கம்பெனியிடம் போனால் சபை, சபைக்கு வந்தால் கம்பெனி. மழைக்காலம் ஒன்று அப்படியே போயிற்று.

ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் எழுந்து நின்றாள். டவுனில் கடை வைத்திருக்கும் தமிழ் மெம்பர் ஒருவர் ஒருநாள் தமிழிலேயே கேலி பேசினார். "என்னக்கா, மாசாமாசம் ஒரே வெடிப்பையே தூக்கிட்டு வர்றீங்க. அது வளர்ந்துச்சா, இல்லையா?"

"வளந்திருக்குங்க ஐயா. மொதல்ல வெரலு போச்சு. இப்ப கையி போகுது" என்றாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவள் பதிலுக்கு அடிக்கவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். யாரோ அதைச் சிங்களத்தில் சொல்லக் கேட்டு, சபையை நடத்தும் தவிசாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். மண்சரிவு பார்க்கிற அதிகாரியைக் கூட்டிவருவதாக அன்றுதான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அவள் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

அதிகாரி வருகிற அன்று காலையில், வழி காட்டுவதற்காக நாங்கள் இரண்டு பேரும் டவுனுக்குப் போனோம். சபை வண்டியில் தவிசாளரும் அதிகாரியும் முன்னால், நாங்கள் பின்னால். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. அவளோ அதிகாரியிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தோட்டத்து எல்லைக்கு வந்தபோதே மாவிலைத் தோரணம் தெரிந்தது. பணிய லயத்து முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். முன்திண்ணை இஸ்தோப்பில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, வாழைப்பழமும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் கையில் மாலையோடு நின்றார். பெரியவர்கள் லயத்துக்கு வந்தால் கூட்டிப் பெருக்கி மெழுகி வைப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே வருகிற வழக்கம். குப்பையைக் கண்டால் பேச்சுக் கேட்க வேண்டும். பிறகு பேச்சுக் கேட்கிற காலம் போய்விட்டது, மெழுகுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. யாரும் யோசித்துச் செய்ததில்லை அது.

மாலை போட்டு முடிந்ததும் அவள் அதிகாரியைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். பின்வாசல் முழுவதும் புதுச் சாணியில் பச்சையாக இருந்தது. நடுவில் பெரிய கோலம். வெடிப்பைக் காணவில்லை.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு, அந்த லயத்திலேயே இருக்கும் தலைவரின் சம்சாரத்தைப் பார்த்து, "எங்கக்கா அது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதையா கேக்குற? பெரிய மனுசங்க வர்ற எடத்துல அசிங்கமா வாயப் பொளந்துகிட்டு கெடந்துச்சு. நேத்து ராவோட ராவா கல்லும் களிமண்ணும் போட்டு இடிச்சு மெழுகிட்டோம்ல. நீ வந்து பாத்து அசரணும்னு" என்றாள் அந்த அக்கா. அவள் கைகளில் சாணி காய்ந்த பச்சை இன்னும் போகவில்லை. முகத்தில் அத்தனை பெருமை.

என் நாத்தனார் ஓரத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக் கோலத்தின் நடுவில் ஒரு கொத்துப் போட்டாள். பெண்கள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார்கள். விருந்தாளி முன்னால் கோலத்தைக் கொத்துகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று பேசினார்கள். தலைவர் சமாளிக்கப் பார்த்தார். "மெம்பர் ஆனாலும் மண்வெட்டிய மறக்கல பாருங்க" என்று அவர் சொன்னதை யாரோ சிங்களத்தில் சொல்ல, அதிகாரி சிரித்தார். அவள் கொத்திய இடத்தில் ஈரக் களிமண்தான் வந்தது. நன்றாக இடித்திருந்தார்கள். வேலை தெரிந்த கைகள். அவள் தனக்குத் தெரிந்த அடுப்படிச் சிங்களத்தில், கோபிக்காதீர்கள் ஐயா, இதற்குக் கீழேதான் இருக்கிறது ஐயா, கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று கெஞ்சிக்கொண்டே கொத்தினாள். அதிகாரி சப்பாத்தில் சாணி படாமல் ஓரமாக நின்று பார்த்தார். சுவர்கள் நேராக இருப்பதாகச் சொன்னார். தோட்ட லயங்களில் இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பதைத் தான் கண்டதில்லை என்றார். அதைத் தமிழில் கேட்டதும் பெண்களுக்கு முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. பிறகு தேத்தண்ணி குடித்தார்கள். தூறல் விழத் தொடங்கியதும், மழைக்கு முன்னால் பாதையைக் கடக்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்கள். அவள் கையில் மண்வெட்டியோடு வண்டி வளைவில் மறையும்வரை நின்றாள்.

அடுத்த கூட்டத்தில் தவிசாளர், அதிகாரி வந்து பார்த்தாயிற்று, இப்போதைக்குப் பயமில்லை என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவள் எழுந்து நின்றாள். ஆட்டோ நிறுத்துமிடத்தைப் பற்றிய பேச்சு நடந்து முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள். யாரும் அவளை உட்காரவும் சொல்லவில்லை, பேசவும் சொல்லவில்லை.

பிறகு மழை பிடித்தது. மேட்டிலிருந்து பார்த்தால் பணிய லயத்தின் புகையும் தெரியாத மழை. மெழுகிய இடம் அமுங்கி, வெடிப்பு மறுபடி வாய் திறந்தது. சாயங்காலம் அவள் காம்பரா காம்பராவாக ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், பிள்ளைகளையாவது பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். சில பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. தலைவரின் சம்சாரம் அவளைக் கோபிக்கக்கூட இல்லை. சூடாக இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து, "படிச்ச மனுசன் வந்து பாத்து ஒண்ணுமில்லன்னுட்டாரு. நீ ஏன் புள்ள இப்பிடிக் கெடந்து அல்லாடுற? போயி தலையத் தொவட்டு" என்றாள்.

விடிந்து, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரம் மண் இறங்கியது. பெரட்டுக் களத்தில் நின்ற எங்களுக்கு லொறி ஒன்று கல் கொட்டுவது போலத்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த முகப்பில் ஒரு மூலை மட்டும் நின்றது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு முடியாது. பெரட்டுக்கு வந்திருந்த தலைவர் பிழைத்தார். அவர் சம்சாரம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், அவர்களில் சிலருக்குத் தாய் தகப்பன் இல்லை.

சபையில் இரண்டு நிமிஷம் எழுந்து நின்று அஞ்சலி செய்தார்கள். தவிசாளர் அவளைப் பேசச் சொன்னார். முதல் முறையாக அவர்களே கேட்டுப் பேசச் சொன்னது அது. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு பணிய லயத்தில் மிஞ்சிய பெண்கள் எங்கள் காம்பராவுக்கு வந்தார்கள். வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு, நாங்களே எங்கள் கையால் மூடிவிட்டோமே என்று அழத் தொடங்கினாள். அவளுடைய மாமியாரும் கைப்பிள்ளையும் மண்ணுக்குள் போனவர்கள். என் நாத்தனார் எழுந்து போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு ஆளு வர்றப்ப கூட்டி மெழுகுறது தப்பா? அப்பிடி யாரும் சொன்னா என்கிட்ட வரச்சொல்லு. நீ மெழுகுன, சரி. வந்தவரு குனிஞ்சு பாத்திருக்கணும். பாக்கத்தான அவர அனுப்புனாங்க."

அதட்டுகிற குரல் அவளுக்கு உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் அது தமிழில் வந்தது, எங்கள் காம்பராவுக்குள் வந்தது. சபையில் கடைசிவரை அது அவளுக்கு வாய்க்கவில்லை. பதவிக்காலம் முடியும்வரை சபைக்குப் போனாள், வந்தாள். மிஞ்சிய குடும்பங்களில் சிலருக்கு வேறு மலையில் வீடு கிடைத்தது. கிடைக்காதவர்கள் பழைய ஸ்டோர் கட்டடத்தில் சேலை கட்டிப் பிரித்துக்கொண்டு இன்னும் இருக்கிறார்கள். அவள் இரத்தத்தில் சீனி கூடி வருத்தம் முற்றிப் பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். இப்போது சபையில் வேறு மெம்பர்கள்.

போன மழைக்குப் பிறகு எங்கள் மேட்டு லயத்திலும் என் குசினியோரம் மண் வெடித்திருக்கிறது. அதைப் பார்க்க இந்த வருஷம் ஒரு அதிகாரி வந்தார், இளம் ஆள். அவர் வருவதாகச் சொன்ன அன்று நான் ஒன்றுமே செய்யவில்லை. விளக்குமாற்றைத் தொடவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளவில்லை. ராத்திரிச் சட்டிகள் கழுவாமல் கிடந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி வீட்டைப் போட்டு நான் அறியேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவர் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, கூட வந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குச் சிங்களம் பேச வராது. ஆனால் அத்தனை வருஷம் அந்த வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேனே. இப்படி வைத்திருந்தால் வீடு எப்படி நிற்கும் என்றார்.

அவர் திரும்பிப் போகப் பார்த்தார். நான் அவர் வழியில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"ஐயா, குனிஞ்சு பாருங்க" என்றேன்.

அவருக்குத் தமிழ் புரியவில்லை. நான் குசினியோரத்துத் தரையைக் காட்டினேன். நானே குனிந்தேன். கிழவி குனிந்திருக்கும்போது நிமிர்ந்து நிற்க அவருக்கும் சங்கடமாக இருந்திருக்கும். குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வெடிப்புக்குள் விட்டார். பேனா முழுதும் உள்ளே போயிற்று. குந்தியபடியே வெடிப்பின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு போனில் படம் எடுத்தார். மேலே அறிவிப்பதாகக் கூட வந்தவர் தமிழில் சொன்னார்.

அது மாசி வெயிலில். இப்போது ஐப்பசி. மூன்று நாளாக மழை விடவில்லை. மேலேயிருந்து இன்னும் யாரும் வரவில்லை. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.